நினைவுக்கல்லும் முருகன் துணைச் செங்கல்லும்

செங்கல்லைச் சுவரில்தான் பதிப்பார்கள் என்று நான் நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சொல்லிச் சிரித்துக்கொள்வது மானத்துக்குக் கொஞ்சம் பாதுகாப்பு.

நியூ ஜெர்சியில் எங்கள் ஊர்ப் பூங்காவில் ஒரு போர் நினைவிடம் உண்டு. போரில் இறந்த உள்ளூர்க்காரர்களின் பெயர்களைப் பொறித்த கறுப்புக் கல், ஒரு கொடிக்கம்பம், சுற்றிலும் சில பெஞ்சுகள். அதைப் புதுப்பிக்க ஊர் கமிட்டி நன்கொடை கேட்டது. கொடுத்தால் நம் பெயர் போட்ட செங்கல் ஒன்று அங்கே இடம்பெறும், மூன்று வரிகள், என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் தெருவில் எல்லோரும் வாங்கினார்கள். நாங்களும் வாங்கினோம். முதல் வரியில் எதை எழுதுவது? கல்யாணப் பத்திரிகையிலும் கடை போர்டிலும் லாரி நெற்றியிலும் எதை எழுதுவோமோ அதைத்தான். ஆங்கில எழுத்தில் ‘முருகன் துணை’ என்று போட்டு, கீழே குடும்பத்தின் பெயர்களைக் கொடுத்தேன். அப்படிக் கொடுத்ததில் எனக்குப் பெருமை வேறு.

திறப்பு நாளன்று போய்ப் பார்த்தால் எல்லாச் செங்கற்களும் தரையில் கிடந்தன. கொடிக்கம்பத்திலிருந்து கல்லுக்குப் போகும் நடைபாதையே அவைதான். ஒரு கனத்த மனிதர் கையில் காபியோடு, இரண்டு பூட்ஸ்களையும் முருகன் மேல் ஊன்றி, வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, அந்தாளு முருகன் மேல நிக்கறான். நீங்க என்னடான்னா போட்டோ எடுத்துட்டு இருக்கீங்க?” என்றாள் என் மனைவி.

“நான் போய் என்னன்னு சொல்றது? எக்ஸ்கியூஸ் மீ, நீங்க என் சாமி மேல நிக்கறீங்கன்னா?”

“அப்பா, இட்ஸ் அ பாத்வே. பீப்பிள் வாக் ஆன் இட்” என்றாள் மகள்.

“நீ பேசாம இரும்மா. உங்கப்பாவுக்கு எதையும் கடைசி வரைக்கும் படிக்காம ஓகே கிளிக் பண்ற வியாதி.”

அந்த வாரமே காரின் டயர் பஞ்சர். ஆபீஸில் மேனேஜர் காரணம் சொல்லாமல் ஒரு மீட்டிங் போட்டார். குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன், நேர்முகத்துக்கான தேதி வரவில்லை. மூன்றுக்கும் காரணம் அந்த பூட்ஸ்தான் என்று முடிவுகட்டினேன். ஆனானப்பட்ட சூரபத்மனையே பிளந்தவர் என்னை மட்டும் விட்டுவைப்பாரா? பரிகாரம் யோசித்தேன். சனிக்கிழமைகளில் மான்மவுத் ஜங்ஷன் ஊரின் இந்தியக் கடையில் காய்கறி வாங்கிவிட்டுத் திரும்பும் வழியில் பூங்காவில் இறங்கி, ஒரு பூந்தொட்டியைச் செங்கல் மேல் வைத்துவிட்டு வருவேன். பாதைக்கு நடுவே தொட்டி இருந்தால் யாரும் மிதிக்க மாட்டார்கள் அல்லவா? புல்வெட்டுகிறவர் அதை ஓரமாகத் தள்ளிவிடுவார். அடுத்த சனிக்கிழமை நான் மறுபடி நகர்த்தி வைப்பேன். இப்படி நானும் அவரும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

தொட்டியை நகர்த்தும்போதுதான் அந்த அம்மாள் என்னைப் பிடித்தார். எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி இருப்பவர், வெள்ளைக்காரர், எண்பதை நெருங்கும் வயது, பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அந்த அதட்டல் அப்படியே ஈரோட்டில் இருக்கும் என் பெரியம்மாவுடையது. அதனால் இங்கே அவரைத் தமிழிலேயே பேச விடுகிறேன்.

“யாருக்குப்பா பூ?”

“முருகனுக்குங்க, ஆன்ட்டி.”

“நான் எப்ப உனக்கு ஆன்ட்டி ஆனேன்? அது கிடக்கட்டும். அந்தப் பையன் எந்தப் போர்ல செத்தான்?”

“சாகலைங்க. ஜெயிச்சுட்டார். தேவர் படைக்கே அவர்தான் தளபதி.”

விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கறுப்புக் கல்லைப் பார்த்தார்.

“நான் என் தம்பியைப் பார்க்க வந்தேன். புதுக் கல்லுலயாவது போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன். இதுலயும் இல்லை.”

அவருடைய தம்பி மரைன் படையில் சேர்ந்து வியட்நாம் போனவன். திரும்பவில்லை. போரில் செத்தவன்தான், ஆனால் குண்டு பட்டுச் சாகவில்லை. ஆற்றைக் கடக்கும்போது மூழ்கிப்போனான். எதிரியின் கையால் இறந்தவர்களுக்குத்தான் கல்லில் இடம் என்று அந்தக் காலத்திலேயே அவருடைய பெற்றோரிடம் சொல்லிவிட்டார்களாம். அதற்குப் பிறகு அவனைப் பெற்றவள் இந்தப் பூங்காப் பக்கமே வரவில்லையாம். இப்போது அந்த அம்மாளும் வீட்டை விற்றுவிட்டு, டெக்சஸில் கேட்டி என்ற ஊரில் இருக்கும் மகனோடு போய்த் தங்கப் போகிறார். “வெயில் காலம் வந்தா நான் இங்க இல்லை. போறதுக்குள்ள அவன் பேரை ஒரு தடவை அந்தக் கல்லுல பார்த்துடணும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதானே! எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மிருகம் எழுந்தது. நான் பெரிய எழுத்தாளன் இல்லை, பேச்சாளன் இல்லை, சமையலும் சுமார். ஆனால் அமெரிக்க அரசாங்கத்துக்குக் கோப்பு தயார்பண்ணுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. எச்-ஒன் விசாவில் தொடங்கி கிரீன் கார்டு வரை இளமை முழுவதையும் அதில்தான் கரைத்தேன். முகப்புக் கடிதம், இணைப்பு அ, இணைப்பு ஆ, ஓரத்தில் வண்ண ஒட்டுச்சீட்டு. கோப்பு முழுமையாக இருந்தால் இந்த நாட்டில் எவனும் மறுக்க முடியாது என்று நம்பினேன். செங்கல்லுக்கு அடுத்தபடியாக நான் நம்பிய முட்டாள்தனம் இது.

தம்பியின் சர்வீஸ் ரெக்கார்டுக்கு அந்த அம்மாளின் பெயரில் விண்ணப்பித்தோம். வந்து சேர்ந்ததும் அவருடைய சமையலறை மேசையில் பரப்பி உட்கார்ந்தோம். உயரம், எடை, கண் நிறம் எல்லாம் இருந்தன. எந்தப் பல்லில் ஓட்டை என்று காட்டும் படம் இருந்தது. எந்தக் கையில் எந்த ஊசி போட்டார்கள், துப்பாக்கி சுடுவதில் என்ன தரம், சமையல்கூடத்தில் எத்தனை நாள் தட்டு கழுவினான், எல்லாவற்றுக்கும் கையெழுத்து இருந்தது. பயிற்சி முகாமில் நீச்சல் சோதனையில் தேறினான் என்றும் ஒரு முத்திரை இருந்தது.

“இவனா? இவன் ஏரியில முட்டி வரைக்கும்தான் இறங்குவான். எவன் இவனைத் தேத்தி விட்டது?” என்றார் அந்த அம்மாள்.

ஒரு முழுப் பக்கம் தண்டனை உத்தரவு. விடுப்பு முடிந்து முகாமுக்குத் தாமதமாகத் திரும்பியதற்காக அவனைப் பதவியில் ஒரு படி இறக்கியிருந்தார்கள். புறப்பட வேண்டிய நேரம், வந்து சேர்ந்த நேரம், அவன் சொன்ன காரணம், அது ஏற்கப்படாததற்குக் காரணம் என்று பத்தி பத்தியாக எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அது என் கல்யாணம்ப்பா. கேக் வெட்டற வரைக்கும் இருடான்னு நான்தான் பிடிச்சு வெச்சேன். பஸ்ஸை விட்டுட்டான்.”

தாமதமாக வந்ததற்கு ஒரு முழுப் பக்கம். செத்ததற்கு ஒரே வரி: நீரில் மூழ்கி மரணம், எதிரியால் அல்ல.

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். அதற்குமுன் எனக்குக் கோபம் என்றால் ஃப்ரீவேயில் வருவது மட்டும்தான். எக்ஸிட் வந்ததும் இறங்கிவிடும். இது இறங்கவில்லை. அவனுடைய மரைன் டிவிஷனின் போர்க்கால வரலாற்றைத் தேடினேன். அழகான பைண்டிங்கில், வரைபடங்களோடு, தளபதிகளின் புகைப்படங்களோடு ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது. அவன் செத்த மாதத்துக்கு அதில் ஒரே பத்தி. பருவமழை காரணமாக நடவடிக்கைகள் குறைவாக இருந்தன என்கிறது. ஒருவன் ஆற்றோடு போயிருக்கிறான், வரலாற்றுக்கு அது நடவடிக்கையாகவே படவில்லை.

விடவில்லை. படைப்பிரிவுகள் மாதாமாதம் டிவிஷனுக்கு அனுப்பிய அறிக்கைகளின் நகல்கள் இணையத்தில் கிடக்கின்றன. மங்கலான தட்டச்சு. ஆபீஸில் ஒரு திரையில் வேலையும் மறு திரையில் அந்த அறிக்கைகளுமாக உட்கார்ந்து படித்தேன். அவன் செத்த தேதியில் கிடைத்தது. மழையில் ஆறு பெருகியிருந்தது. அக்கரையில் இருந்த ஒரு கிராமத்தில் எதிரிகள் இருப்பதாகத் தகவல். கயிறு கட்டிக் கடக்கச் சொல்லி உத்தரவு. இவன் முதுகில் ரேடியோ. கயிறு நழுவியது. ஒரு மரைன் மூழ்கினார். இழப்பு: ஒரு ரேடியோ, ஒரு துப்பாக்கி. ரேடியோவின் எண், துப்பாக்கியின் எண் இரண்டும் பிழையில்லாமல் இருந்தன.

அவன் பெயர் இல்லை.

அதற்கடுத்த வரியையும் சொல்லிவிடுகிறேன். அக்கரையில் கிராமம் காலியாக இருந்தது. மறுநாள் அதே ஆற்றைக் கடந்து எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

இதைப் படித்துக் காட்டியபோது அந்த அம்மாள் அழவில்லை. எழுந்து போய் பாத்திரம் கழுவினார். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினார். “ரேடியோவைத் தேடினாங்களாமா?” என்று மட்டும் கேட்டார். அறிக்கையில் அது இல்லை என்றேன்.

கோப்பு தயாரானது. நான் வாழ்நாளில் செய்ததிலேயே சிறந்த கோப்பு அதுதான். என் கிரீன் கார்டுக்குக்கூட நான் இவ்வளவு உழைக்கவில்லை. உத்தரவின் பேரில் ஆற்றில் இறங்கினான், எதிரியைத் தேடித்தான் இறங்கினான், முதுகில் அரசாங்கத்தின் ரேடியோ இருந்தது. இதெல்லாம் போர் இல்லையென்றால் பிக்னிக்கா? இதையே மரியாதையான ஆங்கிலத்தில் எழுதினேன். கடிதத்தின் தலையில் ‘முருகன் துணை’ போடப் போன கையை மனைவி தட்டிவிட்டாள்.

“ஒரு தடவை பட்டது போதாதா?”

கமிட்டிக் கூட்டம் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. தலைவர் கோட்டில் கொடிச் சின்னம் குத்தியிருந்தார். வீடு விற்கும் தரகர், படைக்குப் போனவரில்லை, குரலில் வெண்ணெய். எங்கள் கோப்பை விரல் நுனியால் தொட்டார். திறக்கவில்லை.

“மிகவும் துயரமான விபத்து” என்றார்.

“விபத்து இல்லீங்க. உத்தரவு” என்றேன்.

“அவர் நீச்சல் சோதனையில் தேறியிருக்கிறார் என்று நீங்களே அனுப்பியிருக்கிறீர்களே.”

நாங்கள் முன்பே அனுப்பிய நகலில் அவர் படித்திருந்த ஒரே தாள் அதுதான். இணைப்பு இ. நானே பச்சை ஒட்டுச்சீட்டு வைத்து எடுத்துக்கொடுத்த தாள்.

இவருக்கு இடம் கொடுத்தால் நாளைக்கு மலேரியாவில் செத்தவர் வருவார், ஜீப் கவிழ்ந்து செத்தவர் வருவார், எல்லை எங்கே என்று கேட்டார் தலைவர். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த வரிசையில் நிற்கும் செத்துப்போன பையன்கள் என்னவோ ரேஷன் கடையில் இலவச வேட்டி கேட்டு வந்தவர்கள் போல. பிறகு அவர் முகம் மலர்ந்தது. ஒரு யோசனை சொன்னார். நடைபாதையில் செங்கல் ஒன்று தரலாம், கமிட்டியே இலவசமாகத் தரும், மூன்று வரிகள், என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

அந்த அம்மாள் எழுந்து நின்றார். “அந்தப் பாதையில நாய்ப் பேரெல்லாம் இருக்கு. நான் படிச்சிருக்கேன். ஜனங்க மிதிக்கிற இடத்துல என் தம்பி வேண்டாம்.”

அவருக்கும் அது தெரிந்திருக்கிறது. பெயரை மிதிக்கக்கூடாது என்பது எங்கள் ஊர்ப் பழக்கம் என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எழுந்தேன். எழுதி வைத்திருந்த பேச்சு சட்டைப் பையில் இருந்தது. அது அங்கேயே இருந்துவிட்டது. “என் பேர் அங்கே இருக்கு” என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். “நான் எந்தச் சண்டைக்குப் போனேன்? ஒரு பல் டாக்டரோட பேர் இருக்கு. கிளினிக் போன் நம்பரோட இருக்கு. அவர் எந்த ஆத்துல இறங்கினார்?” இந்த இடத்தில் என் ஆங்கிலம் என்னைக் கைவிட்டது. இத்தனை வருஷம் இங்கே இருந்தும் கோபத்தை ஆங்கிலத்தில் படிக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வாயிலிருந்து தமிழ் வந்தது. “வெட்கமா இல்லையாய்யா உங்களுக்கு? ரேடியோவுக்கு நம்பர் எழுதத் தெரிஞ்சவனுங்களுக்கு ஒரு பையன் பேரை எழுதத் தெரியாதா? இன்னும் எத்தனை தடவைய்யா அவனை முக்குவீங்க?” நிறுத்தினேன்.

தலைவர் புன்னகைத்தார். “உங்கள் பண்பாட்டை எங்களோடு பகிர்ந்துகொண்டதற்கு நன்றி” என்றார்.

வாக்கெடுத்தார்கள். ஒருவர்கூட எங்களுக்காகக் கை தூக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோபம் பாதி, பயம் பாதி. அரசாங்கக் கூட்டத்தில் அந்நிய மொழியில் கத்தியிருக்கிறேன். குடியுரிமைக் கோப்பில் ஏற்றிவிடுவார்களோ? மனைவியிடம் சொன்னேன்.

“ஏத்தட்டும்” என்றாள் அவள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டயர் பஞ்சருக்கே தேங்காய் வேண்டிக்கொள்கிறவள் அவள். “நம்ம செங்கல்லு மட்டும் அங்க எதுக்குங்க? எடுத்துட்டு வந்துடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். ஆபீஸில் மரம் நடும் விழாவுக்குக் கொடுத்த ஆரஞ்சு நிற மேல்சட்டையைப் போட்டுக்கொண்டேன். அதைப் போட்டால் இந்த நாட்டில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தொட்டியை நகர்த்திவிட்டு ஸ்க்ரூடிரைவரால் செங்கல்லைச் சுற்றி நெம்பினேன். நாயோடு நடந்துபோன ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நானும் காட்டினேன். பட்டப்பகலில், எல்லோர் கண்ணெதிரில், முருகனைத் துண்டில் சுற்றிக் காரில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கராஜ் கதவை மூடிய நொடியில் புத்தி வந்தது. குடியுரிமைப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. குற்றம் செய்துவிட்டுப் பிடிபடாமல் இருந்திருக்கிறீர்களா என்று அச்சடித்தே கேட்பார்கள். இல்லை என்று நான் பதில் எழுதி அனுப்பியாயிற்று. அதைப் படித்துச் சிரித்தது நினைவிருக்கிறது. எந்த மடையன் இதற்கு ஆமாம் என்று எழுதுவான் என்று. இப்போது அந்த மடையன் ஊர்ப் பொதுச் சொத்தைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தெருவில் எந்த வண்டி மெதுவாகப் போனாலும் போலீஸ் என்று எழுந்தேன். ஒரு கூரியர்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கக்கூடப் பார்த்தேன். மகள் மட்டும் செங்கல்லைப் பார்த்துவிட்டு, “அப்பா, யூ ஸ்டோல் இட்? தட்ஸ் சோ கூல்” என்றாள். அவள் பிறந்ததிலிருந்து என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

அந்த அம்மாளிடம் சொன்னேன். செங்கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தார். முதல் வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார். “உன் தளபதி தப்பிச்சுட்டார்” என்று திருப்பிக் கொடுத்தார். என் கோப்பைப் பெட்டியில் வைத்து, மேலே அவர் கல்யாணப் போட்டோவை வைத்து, மூடி டேப் ஒட்டினார். போட்டோவில் அவன் கையில் ஒரு கேக் துண்டு இருந்தது.

போலீஸ் வரவில்லை. கமிட்டியிடமிருந்து ஒரு மின்னஞ்சல்தான் வந்தது. நினைவிடத்தில் யாரோ விஷமிகள் என் செங்கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டதாகவும், என் மனம் புண்பட்டிருந்தால் மிகவும் வருந்துவதாகவும், நான் எந்தப் படிவமும் அனுப்பத் தேவையில்லை என்றும், பழைய பதிவிலிருந்தே வாசகத்தை எடுத்துப் புதுச் செங்கல் செய்ய ஏற்கெனவே சொல்லியாயிற்று என்றும் தலைவர் கையெழுத்திட்டிருந்தார்.

போரில் இறந்தவர்களுக்கான நினைவு தினத்துக்கு முன்பே புதுச் செங்கல்லைப் பதித்துவிட்டார்கள். எழுத்து முன்பைவிடப் பெரிது. நினைவு தினத்தன்று காலை கறுப்புக் கல்லின் எதிரே நின்று பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்கள். அந்த அம்மாள் கடைசிப் பெயர் வரை நின்று கேட்டுவிட்டு, மகன் கொண்டுவந்த காரில் ஏறி கேட்டிக்குப் போனார். அவருடைய தம்பியின் பெயரை யாரும் படிக்கவில்லை. அது கல்லில் இல்லை.